கிளவுடு கருவி லேப்டாப்பில் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதி அலுவலகங்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று யார் வந்தாலும் புகார் ஒன்றுதான்: "அண்ணா, இன்ஸ்டால் ஆகல." திறந்து பார்த்தால் பெரும்பாலும் இன்ஸ்டால் ஆகித்தான் இருக்கும். கோளாறு கடிகாரத்தில் இருக்கும், நெட்டில் இருக்கும், ஒட்டிய சாவியில் (கிளவுடு கணக்கில் நுழையத் தரும் ரகசிய எழுத்துத் தொடரில்) இருக்கும். அது தெரியாமல் நீக்கிவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பழைய துண்டுகள் உள்ளே தங்கிவிடுவதால் சின்னக் கோளாறு பெரிதாகிவிடும்.

அதனால் முதல் வேண்டுகோள்: மறுபடி போடாதீர்கள். திரையில் வந்த செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள். அந்த வரிக்கு ஏற்ற தலைப்புக்குக் கீழே போங்கள்.

இங்கே சொல்வது, நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளை (கிளவுடு) உங்கள் லேப்டாப்பிலிருந்து கட்டளை தட்டி இயக்க உதவும் மூன்று கருவிகளைப் பற்றி: அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கட்டளைக் கருவி, கூகுளின் ஜி-கிளவுடு, மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கருவி. ஓடும் இடங்களும் மூன்று: விண்டோஸ், மேக், உபுண்டு வகை லினக்ஸ். கட்டளைகளைப் போனில் வாசித்துச் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். "கோடு" என்றால் கழித்தல் குறி.

தொடங்கும் முன் மூன்று விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு; 32 பிட்டா 64 பிட்டா, மேக் என்றால் இன்டெல்லா ஆப்பிள் சிப்பா; திரையின் கடிகாரமும் உங்கள் போனின் கடிகாரமும் ஒன்றாக இருக்கிறதா. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள்.

## அறிகுறி 1: விண்டோஸில் இன்ஸ்டாலர் ஓடவே மறுக்கிறது

"விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பி.சி." என்று நீலப் பெட்டி வந்தால்: கோப்பை எங்கிருந்து இறக்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்றால் "மோர் இன்ஃபோ" அழுத்தி "ரன் எனிவே" கொடுக்கலாம். நண்பர் பென்டிரைவில் கொடுத்தது, டெலிகிராம் குழுவில் வந்தது என்றால் அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். உங்கள் கிளவுடு கணக்கின் சாவியையே பிடித்துக்கொள்ளப்போகிற மென்பொருள் இது. இதில் கைமாறி வந்த கோப்பை நம்பவே கூடாது.

ஸ்டோரில் உள்ள ஆப்தான் போடலாம் என்று சொன்னால்: அது விண்டோஸ் எஸ் மோடு. புது லேப்டாப் சிலவற்றில் கடையில் வாங்கும்போதே இப்படித்தான் வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் வழியாகப் போய் ஸ்டோரில் எஸ் மோடிலிருந்து வெளியே வரலாம். காசு கிடையாது. ஆனால் வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அதே லேப்டாப்பைப் பயன்படுத்தினால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

1618 என்ற எண் வந்தால்: வேறொரு இன்ஸ்டால் பின்னால் ஓடுகிறது, பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். அது முடியும்வரை பொறுங்கள். முடியாமல் நிற்கிறது என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து திறப்பது வேறு. ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

1603 வந்தால்: இது பல காரணங்களுக்கும் பொதுவான எண். அட்மின் உரிமை இருக்கிறதா, சி டிரைவில் இடம் இருக்கிறதா, பழைய பதிப்பின் டெர்மினல் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் வந்தால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய்ப் பழையதை முறைப்படி நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, ஒரே ஒரு முறை போடுங்கள். அப்போதும் 1603 என்றால் விண்டோஸ் இன்ஸ்டாலரே கெட்டிருக்கலாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அட்மின் பாஸ்வேர்டு கேட்டால்: கல்லூரி லேப், அலுவலகக் கணினி என்றால் குறுக்கு வழி தேடாதீர்கள். ஜி-கிளவுடு இன்ஸ்டாலரில் "சிங்கிள் யூசர்" என்ற தேர்வு இருக்கிறது. அதற்கு அட்மின் வேண்டாம். மற்றவைக்கு லேப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், அல்லது அறிகுறி 9-க்குப் போங்கள்.

"இந்த ப்ராசஸர் வகைக்கு இந்தப் பேக்கேஜ் பொருந்தாது" என்ற பொருளில் வந்தால்: செலவு வைக்கக்கூடியது இதுதான். ஏ.டபிள்யூ.எஸ். கருவியின் இரண்டாம் பதிப்பு 64 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் போய் "சிஸ்டம் டைப்" வரியைப் பாருங்கள். அதில் இரண்டு பகுதி இருக்கும். இயங்குதளம் 32 பிட், ப்ராசஸர் எக்ஸ்64 என்று இருந்தால் இயந்திரத்தில் குறையில்லை. 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். 32-இல் இருந்து 64-க்கு அப்படியே அப்கிரேடு ஆகாது, டிஸ்க்கைத் துடைத்துத்தான் போட முடியும். டேலி டேட்டா, ஜி.எஸ்.டி. கோப்புகள், குழந்தை போட்டோ எல்லாம் அதில் இருந்தால் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்த பிறகே தொடங்குங்கள். பேக்கப் எடுத்துப் பழக்கமில்லை என்றால் இங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். ப்ராசஸரே எக்ஸ்86 என்று இருந்தால் அந்த இயந்திரத்தில் ஏறாது. அதற்கும் வழி அறிகுறி 9.

விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற அலுவலகங்கள் ராணிப்பேட்டை பக்கம் நிறைய. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பில் போடும் பழைய கணினியில் கிளவுடு சாவியை வைக்காதீர்கள். அது ஓடினாலும் வேண்டாம்.

## அறிகுறி 2: போட்டாச்சு, ஆனால் கட்டளையைத் தெரியாது என்கிறது

விண்டோஸில் "இஸ் நாட் ரெகக்னைஸ்ட்", மேக்கிலும் உபுண்டுவிலும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". அதிகம் வரும் புகார் இது. சரிசெய்வதற்கு எளிதானதும் இதுதான்.

முதலில் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குப் புதிய வழித்தடம் (கருவி இருக்கும் முகவரி) தெரியாது. வி.எஸ். கோடு என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் அந்தத் தாவலை மட்டும் மூடினால் போதாது, வி.எஸ். கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும். இதைச் சொன்னதும் பாதி வழியிலேயே போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு, வேலை முடிந்துவிட்டது என்று.

விண்டோஸில் இன்னும் வரவில்லை என்றால்: சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸ், அமேசான், ஏடபிள்யூஎஸ்சிஎல்ஐவி2 என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த முகவரியை என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் "பாத்" வரிசையில் சேருங்கள். ஏற்கெனவே உள்ள வரிகளை அழிக்காமல் "நியூ" அழுத்தித்தான் சேர்க்க வேண்டும். ஃபோல்டரே இல்லை என்றால் இன்ஸ்டால் நடக்கவில்லை, அறிகுறி 1.

பவர்ஷெல்லில் மட்டும் ஜி-கிளவுடு வராமல் "ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்டு" என்றால்: கருவியில் குறை இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அதே கட்டளையைத் தட்டுங்கள், ஓடும். அதுவே போதும். பவர்ஷெல்தான் வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட் விதியை உங்கள் யூசருக்கு மட்டும் "ரிமோட்சைன்ட்" என்று மாற்றலாம். "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம்.

மேக்கில் ப்ரூ என்ற கட்டளையே தெரியாது என்றால்: ஹோம்ப்ரூ (மேக்கில் கருவிகளைப் போட உதவும் மென்பொருள், அதன் கட்டளைதான் ப்ரூ) போட்டு முடிந்ததும் கடைசியில் "நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்" என்று சில வரிகள் காட்டும். அவற்றை நகலெடுத்து ஓட்ட வேண்டும், யாரும் ஓட்டுவதில்லை. ஆப்பிள் சிப் மேக்கில் ஹோம்ப்ரூ "ஆப்ட்" ஃபோல்டருக்குள் "ஹோம்ப்ரூ" என்ற இடத்தில் உட்காரும். அந்த வரிகள் இல்லாமல் டெர்மினலுக்கு அந்த இடம் தெரியாது. பழைய குறிப்புகளில் "பாஷ் ப்ரொஃபைல்" கோப்பில் எழுது என்றிருக்கும். 2019-இல் கேட்டலினா வந்தபோதே மேக்கின் ஷெல் (தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) இசட்-ஷெல்லுக்கு மாறிவிட்டது. எழுத வேண்டியது இசட்-ஷெல்லின் கோப்பில்.

உபுண்டுவில் "யூஎஸ்ஆர் பின்" என்ற இடத்தில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றால்: பழைய பதிப்பை நீக்கிப் புதியதைப் போட்டிருப்பீர்கள், ஷெல் பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கிறது. "ஹாஷ், இடைவெளி, கோடு ஆர்" என்று தட்டுங்கள், அல்லது புது டெர்மினல்.

## அறிகுறி 3: கட்டளை ஓடுகிறது, ஆனால் பதிப்பு பழையது

"ஏடபிள்யூஎஸ், இடைவெளி, கோடு கோடு வெர்ஷன்" என்று தட்டினால் 1-இல் தொடங்கும் எண் வருகிறது. பைத்தான் மொழியின் பிப் என்ற இன்ஸ்டால் கருவி வழியாகப் போட்டால் முதல் பதிப்புதான் வரும். இரண்டாம் பதிப்பு 2020-இல் வந்துவிட்டது. ஆனாலும் தேடினால் முதலில் வரும் வீடியோக்களில் இன்னும் பிப் வழிதான் காட்டுகிறார்கள்.

இரண்டு பதிப்பும் சேர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் "வேர் ஏடபிள்யூஎஸ்", மேக்கில் "விச் கோடு ஏ ஏடபிள்யூஎஸ்", உபுண்டுவில் "டைப் கோடு ஏ ஏடபிள்யூஎஸ்". இரண்டு முகவரி வந்தால் மேலே இருப்பதுதான் ஓடுகிறது. பிப்பில் போட்டதை பிப்பாலேயே நீக்குங்கள். ஃபோல்டரைக் கையால் அழிக்க வேண்டாம்.

உபுண்டுவில் புதியதை மேலே போடும்போது "ப்ரீஎக்ஸிஸ்டிங் இன்ஸ்டலேஷன்" என்று நின்றால் அது கோளாறு இல்லை. அதே கட்டளையின் கடைசியில் "கோடு கோடு அப்டேட்" சேருங்கள். செய்தியிலேயே எழுதியிருக்கும்.

ஜி-கிளவுடில் "காம்போனன்ட் மேனேஜர் டிஸேபிள்டு" என்று வந்தால், ஆப்ட் அல்லது ஸ்னாப் (லினக்ஸில் மென்பொருள் போடும் கருவிகள்) வழியாகப் போட்டிருக்கிறீர்கள். அதே வழியில்தான் அப்டேட்டும் செய்ய வேண்டும்.

## அறிகுறி 4: உபுண்டு, மின்ட், பாஸ் லினக்ஸில் பேக்கேஜ் கிடைக்கவில்லை

"நோ இன்ஸ்டலேஷன் கேண்டிடேட்": உபுண்டு 24.04-இல் ஆப்ட் வழியாக ஏ.டபிள்யூ.எஸ். கருவி கிடைக்காது. அமேசான் தளத்தின் ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, உள்ளே இருக்கும் இன்ஸ்டால் கோப்பை ஸூடோவோடு (அட்மின் உரிமை தரும் கட்டளை) ஓட்டுங்கள். விரிக்கும் கருவியே இல்லை என்றால் முதலில் "அன்ஜிப்" பேக்கேஜைப் போடுங்கள்.

"எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்": பிப்பை ஓட்டியிருக்கிறீர்கள். அந்தத் தடையை உடைக்க ஒரு வழி செய்தியிலேயே எழுதியிருக்கும், அதைச் செய்யாதீர்கள். சிஸ்டத்தின் பைத்தான் குழம்பினால் அப்டேட்டே நின்றுபோகும். ஜிப் வழிக்கு வாருங்கள்.

"குட் நாட் கெட் லாக்": தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பொறுங்கள். அந்த லாக் கோப்பை அழித்துவிட்டுப் போடச் சொல்லும் குறிப்புகள் நெட்டில் ஏராளம். ஓடுகிற அப்டேட்டின் நடுவில் அழித்தால் பேக்கேஜ் கணக்கே கலைந்துவிடும்.

"டஸ் நாட் ஹேவ் எ ரிலீஸ் ஃபைல்": மின்ட் வைத்திருப்பவர்களுக்கு அஷ்யூர் கருவி போடும்போது வரும். களஞ்சிய வரியில் (பேக்கேஜ் இறங்கும் இடத்தைச் சொல்லும் வரி) மின்ட்டின் சொந்தப் பெயர் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே உபுண்டுவின் பெயர் இருக்க வேண்டும். மின்ட் 22-க்கு "நோபிள்", மின்ட் 21-க்கு "ஜாமி". மாற்றிவிட்டு ஸூடோ ஆப்ட் அப்டேட்.

"நோ பப்கீ": களஞ்சியத்தின் கையொப்பச் சாவி இல்லை அல்லது மாறிவிட்டது. நிறுவனத்தின் ஆவணப் பக்கத்தில் சாவியைச் சேர்க்கும் வரியை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். சரிபார்ப்பையே நிறுத்திவிடும் வழியைத் தொட வேண்டாம்.

"எக்ஸெக் ஃபார்மட் எரர்": ஏ.ஆர்.எம். கணினிக்கான கோப்பை இன்டெல் கணினியில் போட்டிருக்கிறீர்கள், அல்லது தலைகீழாக. "யூநேம் கோடு எம்" தட்டினால் உங்களுடையது எது என்று சொல்லிவிடும்.

அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கும். சி-டாக் உருவாக்கிய இது டெபியன் வழி வந்தது. ஜிப் வழியில் முயலலாம். ஆனால் ஆரம்ப கால லேப்டாப்களில் உள்ள பாஸ் மிகப் பழையது. "ஜிலிப்சி" என்ற சொல்லோடு பிழை வந்தால் அந்தப் பதிப்பில் ஏறாது; இயங்குதளத்தையே மாற்ற வேண்டும். அல்லது, மறுபடியும், அறிகுறி 9.

## அறிகுறி 5: மேக் தடுக்கிறது

டெவலப்பரைச் சரிபார்க்க முடியவில்லை என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் கீழே "ஓப்பன் எனிவே". கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்யும் பழைய வழி 2024-இல் வந்த செக்கோயாவிலிருந்து வேலை செய்யாது.

"பேட் சி.பி.யூ. டைப்" என்றால் சிப்புக்கும் கோப்புக்கும் பொருந்தவில்லை. ஆப்பிள் மெனுவில் "அபௌட் திஸ் மேக்" பார்த்து, சரியான ஜி-கிளவுடு கோப்பை இறக்குங்கள்.

மேக் ஓ.எஸ். அப்கிரேடு செய்த மறுநாள் "எக்ஸ்சிரன், இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்" என்று வந்தால் "எக்ஸ்கோடு கோடு செலக்ட், இடைவெளி, கோடு கோடு இன்ஸ்டால்". "எக்ஸ்கோடு" ஒரே சொல், அதை அடுத்த "கோடு"தான் கழித்தல் குறி. இறங்க நேரமாகும், நல்ல நெட் இருக்கும்போது செய்யுங்கள்.

## அறிகுறி 6: எல்லாம் ஓடுகிறது, "சிக்னேச்சர் எக்ஸ்பயர்ட்" என்கிறது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றவை தேடினால் கிடைக்கும். இந்தக் கோளாறில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் அண்ணனுடைய அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று, இரண்டும் அதில். "சாவியெல்லாம் மூணு தடவை மாத்திட்டேன் அண்ணா, எதுவும் எடுக்கல" என்றாள். யூடியூப் ஓடுகிறது, மெயில் திறக்கிறது, இது மட்டும் மறுக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி 11:10. திரையின் வலது மூலையில் 5:40. தேதி சரி. நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணி பின்னால்.

ஐந்தரை மணி என்றால் இரட்டை இயங்குதளம்தான் காரணம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் ஐந்தரை மணி பின்னால். விண்டோஸிலிருந்து நெட் இல்லாமல் லினக்ஸுக்குப் போனால் ஐந்தரை மணி முன்னால். ஏ.டபிள்யூ.எஸ். பெரும்பாலான சேவைகளில் ஐந்து நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும், எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை மட்டும் பதினைந்து நிமிடம். கடிகாரம் பின்தங்கினால் "எக்ஸ்பயர்ட்" என்று வரும், முந்தினால் "நாட் யெட் கரன்ட்" என்று வரும்.

சரிசெய்வது இப்படி. விண்டோஸில் டேட் அண்ட் டைம் போய் "சிங்க் நவ்". அது இன்றைக்கு மட்டும் காப்பாற்றும். நிரந்தரமாகச் சரிசெய்ய லினக்ஸ் பக்கம் போய் "ஸூடோ, டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட் கோடு லோக்கல் கோடு ஆர்டிசி, இடைவெளி, 1". லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றும் நாடுகளில்தான் அது பெரிதாகப் படுத்தும். நமக்கு ஆண்டு முழுதும் ஒரே நேரம், தாராளமாகச் செய்யலாம்.

நேரம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அதே பிழையா? டைம் ஸோனைப் பாருங்கள். "யு.டி.சி. +05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி" என்று இருக்க வேண்டும். புதிதாக விண்டோஸ் போட்டவர் ஸோனை அமெரிக்காவில் விட்டுவிட்டு மணியைக் கையால் திருத்தியிருப்பார். கண்ணுக்குச் சரி, கருவிக்குப் பல மணி நேரம் தவறு. ஸோனை முதலில் மாற்றுங்கள், பிறகு சிங்க்.

ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் தேதியே பல வருடம் பின்னால் போனால் மதர்போர்டின் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் சி.ஆர்.2032, கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் அந்தச் செல் ஒயரோடு உள்ளே ஒட்டியிருக்கும், சிலவற்றில் தனிச் செல்லே இருக்காது. லேப்டாப்பை நீங்கள் பிரிக்க வேண்டாம், கடையில் கொடுங்கள்.

## அறிகுறி 7: நெட் இருக்கிறது, ஆனால் இணைப்பு இல்லை

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே கட்டளையை ஓட்டுங்கள். இந்த ஒரு சோதனை கேள்வியை இரண்டாகப் பிரித்துவிடும்.

ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது என்றால்: விடுதி அல்லது அலுவலக நெட்தான் தடுக்கிறது. "சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு" என்ற சொல் இருந்தால் அங்குள்ள ஃபயர்வால் நடுவில் நின்று தன் சான்றிதழைக் காட்டுகிறது. சில ஆன்டிவைரஸும் இதையே செய்யும். நெட்வொர்க் பொறுப்பாளரிடம் அந்தச் சான்றிதழ்க் கோப்பைக் கேட்டு வாங்கி, ஏ.டபிள்யூ.எஸ். கருவிக்கு அதன் இடத்தைச் சொல்லிவிடலாம். எஸ்.எஸ்.எல். சரிபார்ப்பை நிறுத்தும் கட்டளையைப் பழக்கமாக்காதீர்கள். நடுவில் இருப்பவர் யார் என்று தெரியாமல் கணக்கைத் திறந்து வைப்பதாகிவிடும்.

ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை, "குட் நாட் கனெக்ட் டு தி எண்ட்பாயிண்ட்" என்றால்: ரீஜன் (சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) பெயர் தவறு. மும்பைக்கு "ஏபி கோடு சவுத் கோடு 1", ஹைதராபாதுக்குக் கடைசியில் 2. பலர் "மும்பை" என்றே தட்டியிருப்பார்கள். சிலர் கன்சோலை, அதாவது பிரவுசரில் திறக்கும் கணக்குப் பக்கத்தை, பார்த்து 1-க்குப் பக்கத்தில் "ஏ" சேர்த்திருப்பார்கள். அந்த "ஏ" ரீஜனுக்குள் இருக்கும் ஒரு மண்டலம், ரீஜன் இல்லை. எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 8: சாவியை ஏற்கவில்லை

செய்தியைப் பொறுத்துப் பிரியுங்கள்.

"அனேபிள் டு லொகேட் கிரெடென்ஷியல்ஸ்": சாவி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உபுண்டுவில் "ஸூடோ" போட்டுச் சாவியைக் கொடுத்திருந்தால் அது ரூட் என்ற அட்மின் யூசரின் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். ஸூடோ இல்லாமல் மறுபடி கொடுங்கள். விண்டோஸில் நோட்பேடில் கோப்பைச் சேமித்திருந்தால் பெயருக்குப் பின்னால் "டெக்ஸ்ட்" வால் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லி வாலை வெட்டுங்கள்.

"இன்வேலிட் கிளையன்ட் டோக்கன்": சாவியின் முதல் பகுதியைப் பாருங்கள். "ஏ.கே.ஐ.ஏ." என்று தொடங்கினால் நிரந்தரச் சாவி, அது கன்சோலில் இன்னும் ஆக்டிவாக இருக்கிறதா பாருங்கள். "ஏ.எஸ்.ஐ.ஏ." என்று தொடங்கினால் தற்காலிகச் சாவி. பயிற்சி லேப் கணக்குகளில் இதுதான் தருவார்கள். இதற்கு மூன்றாவதாக ஒரு செஷன் டோக்கனும் வேண்டும். "கான்ஃபிகர்" கட்டளை கேட்கும் நான்கு கேள்விகளில் அது இல்லை. லேப் பக்கம் காட்டும் மூன்று வரிகளையும் கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் அப்படியே ஒட்டுங்கள். சில மணி நேரத்தில் "எக்ஸ்பயர்ட் டோக்கன்" வரும்; திரும்ப எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

"சிக்னேச்சர் டஸ் நாட் மேட்ச்": ரகசியச் சாவி தவறு. 40 எழுத்து இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி நகலெடுத்தால் முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டும், ஓர் எழுத்து விட்டுப்போகும். உருவாக்கும் நேரத்தில் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். தொலைந்தால் புதுச் சாவி எடுத்துக்கொண்டு பழையதை நீக்குங்கள். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதையே விட்டுவிடுங்கள்.

சாவியை மாற்றியும் பழையதே ஓடினால்: "ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர் லிஸ்ட்" தட்டுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று காட்டும். "என்வ்" என்று இருந்தால் என்விரான்மென்ட் வேரியபிளில் பழைய சாவி கிடக்கிறது. கோப்பைவிட அதற்குத்தான் முதலிடம்.

அஷ்யூரில் லாகின் ஜன்னல் வரவில்லை என்றால்: விண்டோஸில் அது பெரும்பாலும் டெர்மினலுக்குப் பின்னால் மறைந்து நிற்கும், எல்லாவற்றையும் மினிமைஸ் செய்து பாருங்கள். இல்லையென்றால் "ஏஇசட் லாகின்" கடைசியில் "கோடு கோடு யூஸ் கோடு டிவைஸ் கோடு கோட்" சேருங்கள். ஒரு குறியீடு வரும், அதைப் போனில் திறந்து கொடுக்கலாம். கடைசி "கோட்" என்பது குறியீட்டுக்கான ஆங்கிலச் சொல், கழித்தல் குறி இல்லை. அலுவலகக் கணக்கில் இந்த வழியைச் சில நிர்வாகிகள் மூடி வைத்திருப்பார்கள். அப்போது அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஜி-கிளவுடில் ப்ராஜெக்ட் இல்லை என்றால்: ப்ராஜெக்ட் பெயரைக் கொடுத்திருப்பீர்கள், ஐ.டி.யைக் கொடுக்க வேண்டும்.

"ஆக்சஸ் டினைட்": இன்ஸ்டால் வெற்றி. இயந்திரம், நெட், நேரம், சாவி நான்கும் சரி. கணக்கில் அந்த வேலைக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். லேப்டாப்பைத் தொடாதீர்கள், கணக்கு நிர்வாகியிடம் பேசுங்கள்.

## அறிகுறி 9: இந்த இயந்திரத்தில் எப்படியும் ஏறாது

வருத்தப்பட வேண்டாம். மூன்று நிறுவனங்களும் பிரவுசருக்குள்ளேயே டெர்மினல் தருகின்றன: ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடுஷெல், கூகுள் கிளவுடு ஷெல், அஷ்யூர் கிளவுடு ஷெல். கருவி ஏற்கெனவே போட்டிருக்கும், சாவி ஒட்ட வேண்டாம், கடிகாரக் கவலை இல்லை. கூகுளில் கோப்பு வைக்க 5 ஜி.பி. இடம் கிடைக்கும், ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ரீஜனுக்கு 1 ஜி.பி. புது லேப்டாப் வாங்க அப்பாவிடம் கேட்கத் தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாடம் படிக்க இது போதும்.

## உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை

சாவியை கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) ஏற்றிவிட்டீர்கள், அல்லது நீங்கள் உருவாக்காத சர்வர் கணக்கில் தெரிகிறது என்றால், மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள். முதலில் கன்சோலில் அந்தச் சாவியை "டிஆக்டிவேட்" செய்யுங்கள். கிட்ஹப்பில் கோப்பை அழித்தால் மட்டும் போதாது; பழைய பதிவுகளில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். அடுத்து எல்லா ரீஜன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திருடியவர் நீங்கள் பார்க்காத ரீஜனில்தான் ஓட்டுவார். பிறகு அந்நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவுக்கு எழுதிவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைத்து வைத்தால் பில் மணிக்கு மணி ஏறும்.

மற்றக் கோளாறுகளுக்கு ஆளைத் தேடிப் போகும்போது லேப்டாப்பின் சார்ஜர், அட்மின் பாஸ்வேர்டு, பிழைச் செய்தி முழுதாகத் தெரியும் போட்டோ, எந்த நெட்டில் ஓடவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ரகசியச் சாவியை மட்டும் யாரிடமும் காட்ட வேண்டாம். அதைத் தட்ட வேண்டிய இடம் வரும்போது கீபோர்டை உங்கள் பக்கம் திருப்பித் தரச் சொல்லுங்கள்.